சம்பந்திகளின் தேனிலவு

அறைக் கதவைத் திறந்ததும் நர்ஸம்மா முதலில் பார்த்தது வாத்தைத்தான். வெள்ளைத் துவாலையை மடித்துச் செய்த வாத்து. அகலமான கட்டிலின் நடுவில் கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதிரே இன்னொரு வாத்து இருந்து, இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது வாத்தைப் பிரித்து உதறி, அதில் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள் அவளுடைய சம்பந்தி, பேக்கரியம்மா. மகனைப் பெற்றவளும் மகளைப் பெற்றவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே மூச்சில் இருவரும் "வாங்க" என்றார்கள்.

யார் வீட்டுக்கு யார் யாரை வாங்க என்பது? இருந்தாலும் வாயில் வேறெதுவும் வரவில்லை. பழக்கம் பொல்லாதது.

"நீங்க எங்க இங்க?" என்றாள் நர்ஸம்மா.

"அதையேதான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள் பேக்கரியம்மா.

கீழே வரவேற்பில் இருந்த பெண், "உங்ககூடத் தங்கறவங்க முன்னாடியே வந்துட்டாங்க ஆன்ட்டி" என்று சொன்னபோது நர்ஸம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தங்கை மனசு மாறி வந்துவிட்டாள் என்று நினைத்தாள். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் முழங்காலைக் காட்டி நழுவியவள் அந்தத் தங்கை. அவளை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மாடிப்படி ஏறும்போதே வரிசையாக யோசித்துவைத்திருந்தாள். அத்தனையும் இப்போது வீணாய்ப் போயிற்று.

"என் பொண்ணுதான் அனுப்பினா" என்று பேக்கரியம்மா விளக்கினாள். "கல்யாண நாளுக்குன்னு ரூம் போட்டு வெச்சிருந்தாங்களாம். ரெண்டு பேருக்கும் லீவு கிடைக்கல, பணமும் திரும்பி வராது, நீயும் அப்பாவும் போயிட்டு வாங்கம்மான்னா. எங்க வீட்டுக்காரர் அடுப்பை விட்டுட்டு அசைவாரா? நீ போ, கடையை நான் பாத்துக்கறேன்னுட்டார்."

"என் பையனும் அதையேதான் சொன்னான். லீவு கிடைக்கலன்னு."

சொல்லிவிட்டு நர்ஸம்மா அவசரமாகப் பெட்டியைத் திறந்து, உள்ளே இல்லாத எதையோ தேட ஆரம்பித்தாள். லீவாவது ஒன்றாவது. போன மாதத்திலிருந்து அவள் பிள்ளை அவள் வீட்டு முன்னறையில்தான் படுத்துக்கொண்டிருந்தான். "ஆபீஸுக்கு இங்கேருந்துதாம்மா பக்கம்" என்றான். பக்கமாம்! இரண்டு பஸ் மாற வேண்டும். "என்னடா சண்டை?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். "சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பேசறதுக்கு ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான். நீ யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதே" என்றான். சண்டை என்று சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்தவள். கத்துகிற நோயாளியைப் பற்றி அவள் என்றைக்கும் கவலைப்பட்டதில்லை. சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்களிடம்தான் அடிக்கடி போய் நாடி பிடித்துப் பார்ப்பாள். இப்போது அவள் வீட்டு முன்னறையிலேயே அப்படி ஒருவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அந்தக் கல்யாணம் பிழைக்குமா பிழைக்காதா என்பதைத் தவிர ஒரு மாதமாக அவள் மனசில் வேறு எதுவும் ஓடவில்லை. அதைப் போய் யாரிடம் சொல்லக் கூடாதோ அந்த மனுஷியோடு ஒரே கட்டிலில் படுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது பாருங்கள்!

வேறு அறை கேட்டுக் கீழே இறங்கினார்கள். வரவேற்புப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். பெரிய நகரத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் ஒரு வார இறுதியை ஸ்டைலாகக் கழிக்கத் தகுந்த சின்ன நகரங்கள் என்று ஏதோ பத்திரிகை பட்டியல் போட்டதாம். அதில் இந்த ஊர் மேலே இருந்ததாம். அன்றிலிருந்து சைக்கிள் நிறுத்தக்கூட இடம் இல்லையாம். அந்த ஹோட்டலே ஒரு காலத்தில் பொத்தான் தொழிற்சாலையாக இருந்தது. யந்திரங்களைத் தூக்கிவிட்டுக் கட்டில்களைப் போட்டிருந்தார்கள். கூரை இரும்பை அப்படியே விட்டுவிட்டு, பழைய பொத்தான்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து மாட்டியிருந்தார்கள்.

"அக்கா தங்கச்சியா ஆன்ட்டி? ஜாடை அப்படியே இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

"சம்பந்தி" என்றார்கள் இருவரும். இருவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

இவர்கள் முறைப்பு இன்று நேற்று வந்ததல்ல. கல்யாணத்துக்குப் பெண் வீட்டு பேக்கரியிலிருந்து மூன்றடுக்கு கேக் வந்தது. ஊரே வாயைப் பிளந்து பார்த்த கேக். நர்ஸம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, அத்தனை பேர் எதிரிலும், "கொஞ்சம் சர்க்கரையைக் குறைச்சிருக்கலாம்" என்றாள். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுப் பழகின நாக்குக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. அப்புறம் இரண்டு வருஷமாக "சம்பந்தி, சௌக்கியமா?" "சௌக்கியம், சம்பந்தி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எலியும் பூனையுமாவது ஒன்றையொன்று துரத்தும். இவர்கள் அதுகூடச் செய்யாமல் மரியாதையாகவே இருந்து கழுத்தறுத்தார்கள்.

மேலே வந்த பிறகுதான் குளியலறையைச் சரியாகப் பார்த்தார்கள். கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் சுவர் இல்லை. கண்ணாடி. முழுக் கண்ணாடி. திரை போட மறந்துவிட்டார்கள் போல என்று பேக்கரியம்மா கீழே போன் போட்டுக் கேட்டாள். "அதுதான் ஆன்ட்டி எங்க ஸ்பெஷல்" என்று பதில் வந்தது. பஸ்ஸில் வந்த புழுதி இருவர் மேலும் இருந்தது. குளித்துத்தான் ஆக வேண்டும். கடைசியில், ஒருவர் குளிக்கும்போது மற்றவர் பால்கனியில் போய் அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வது என்று ஒப்பந்தம் ஆனது.

"திரும்பிடாதீங்க சம்பந்தி."

"முப்பது வருஷம் வார்டுல இருந்தவ. நான் பார்க்காத உடம்பா?"

"நீங்க பார்த்திருக்கலாம். நான் காட்டினதில்ல."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு இருந்ததால் நல்லதாய்ப் போயிற்று. பால்கனிக்குக் கீழே வாய்க்கால் ஓடியது. இரண்டு கரையிலும் பழைய கிடங்குகள் வரிசையாக நின்றன. ஒன்றில் சோப்பு மட்டும் விற்றார்கள், ஒன்றில் மெழுகுவத்தி மட்டும், ஒன்றில் என்ன விற்றார்கள் என்றே தெரியவில்லை. ஆனால் அங்கேதான் கூட்டம் அதிகம். எல்லாரும் ஜோடி ஜோடியாக நடந்தார்கள். அவள் அந்த ஜோடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளையும் மருமகளும் வந்திருக்க வேண்டிய இடம் இது.

பேக்கரியம்மா தலையைத் துவட்டிக்கொண்டே பேசினாள். "இந்த ரூம் நம்ம மாப்பிள்ளைக்குத்தான் சரி. நான் எப்ப போன் பண்ணி, அவர் எங்கடின்னு கேட்டாலும், குளிச்சிட்டிருக்கார்ம்மாங்கறா. காலையில கேட்டாலும் குளியல், ராத்திரி கேட்டாலும் குளியல். இவ்வளவு சுத்தமான மனுஷனை நான் பார்த்ததே இல்ல."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நர்ஸம்மாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதை. கத்தவும் முடியாது, தேய்த்துவிடவும் முடியாது. வாய்க்காலைப் பார்த்தபடி "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றாள். சின்ன வயசில் அவனைக் குளிக்கவைக்க அவள் தெருத்தெருவாகத் துரத்தியது வேறு விஷயம்.

மாலையில் காப்பி குடிக்க வெளியே போனார்கள். போகாமல் அறையில் உட்கார்ந்தால் பேச வேண்டுமே. காப்பிக் கடையின் சுவரெல்லாம் பூசாத செங்கல். மூடி இல்லாத பல்புகள் ஒயரில் தொங்கின. ஒரு நாற்காலி மாதிரி இன்னொரு நாற்காலி இல்லை.

"பாவம், பூசறதுக்குள்ள காசு தீர்ந்துடுச்சு போல" என்றாள் பேக்கரியம்மா.

"இதுதான் ஸ்டைலாம்."

"அப்ப எங்க கடை பின்பக்கம் ரொம்ப வருஷமா ஸ்டைலாத்தான் இருக்கு."

இந்த முறை நர்ஸம்மா சிரித்தது தெரிந்துவிட்டது. பேக்கரியம்மாவும் சிரித்தாள். காப்பியோடு ஒரு பன் வந்தது. பேக்கரியம்மா அதைக் கட்டைவிரலால் அழுத்தி, மேலே எழும்புகிறதா என்று பார்த்தாள். பிய்த்தாள். வாயில் வைக்கவில்லை. பிய்த்த துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்திலிருந்து வேடிக்கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவதை நர்ஸம்மா கவனித்தாள்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதீங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு சமயம் பேசாம இருந்தோம். கடை வெச்ச புதுசுல. ஒரே அடுப்புல நின்னுக்கிட்டு, முகத்தைப் பார்க்காம. அப்ப என்ன ஆகும் தெரியுமா? மாவுல அவரும் உப்புப் போடுவார், நானும் போடுவேன். போட்டாச்சான்னு கேக்க ஒரு வார்த்தை போதும். அதைக் கேக்க மாட்டோம். அன்னிக்கு ரொட்டியை நாய்கூடத் தொடாது. வாங்கிட்டுப் போனவங்க திட்டிக்கிட்டே திரும்பி வருவாங்க. எங்க வீட்டு விஷயம் அப்படித்தான் ஊருக்கே தெரிஞ்சுது."

நர்ஸம்மா காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ரூமுக்கு அவனும் அம்மாவை அனுப்பறான். இவளும் அம்மாவை அனுப்பறா. ஒரு வீட்டுல இருக்கற ரெண்டு பேர், எங்கம்மாவை அனுப்பறேன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டாங்களா? எனக்கு மத்தியானத்துலேருந்து அந்த ரெண்டு தடவை உப்புப் போட்ட ரொட்டிதான் ஞாபகம் வந்துக்கிட்டிருக்கு. நான் பைத்தியக்காரத்தனமா எதையோ நினைக்கறேன்னு சொல்லிடுங்க. சந்தோஷமாக் கேட்டுக்கறேன்."

சொல்லிவிடலாம். 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்று ஒரு வரி. அந்த மாதிரி வரிகளை ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. ஆனால் எதிரே இருப்பவள் பார்த்த பார்வை அவளுக்குப் பழக்கமானது. உண்மை ஏற்கெனவே தெரிந்துவிட்டு, அதை வாயால் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று காத்திருக்கும் பார்வை அது. அந்தப் பார்வைக்கு எதிரே அவள் பொய் சொன்னதில்லை.

"உங்க மாப்பிள்ளை எங்க வீட்டுலதான் குளிச்சிட்டிருக்கான், சம்பந்தி" என்றாள்.

பேக்கரியம்மா அழவில்லை. பிய்த்த துண்டைப் பன்னோடு சேர்த்துவைத்துத் தட்டை நகர்த்தினாள். "எப்பலேருந்து?"

"போன மாசத்துலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லல நீங்க."

"சொல்லாதேன்னு வாக்கு வாங்கிட்டான்."

"நல்ல வாக்கு! அங்க என் பொண்ணு பூட்டின வீட்டுல தனியா உக்காந்துக்கிட்டு, குளிக்கறார், குளிக்கறார்னு..." அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

நர்ஸம்மா காப்பிக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். வாய்க்கால் கரையில் ஒரு சுவரில் பெரிதாக இரண்டு சிறகுகள் வரைந்திருந்தார்கள். நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ள இளசுகள் வரிசையில் நின்றன. பேக்கரியம்மா எதையும் பார்க்காமல் அந்த வரிசைக்குக் குறுக்கே போனாள். "ஆன்ட்டி, லைன்ல வாங்க" என்றான் ஒருவன். "எனக்கு ஏண்டா சிறகு!" என்று அவனிடம் சீறிவிட்டு, பக்கத்திலிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். நர்ஸம்மாவும் மூச்சு வாங்கியபடி வந்து உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம் விட்டு.

"எதுக்காம்?" என்றாள் பேக்கரியம்மா.

"பேசறதுக்கு ஒண்ணும் இல்லையாம்."

"ஐயோ." அவளுக்கும் அது புரிந்துவிட்டது. "வேற யாராவது, குடி, கிடி..."

"அதெல்லாம் இல்ல. நான் மோப்பம் பிடிச்சுப் பார்த்துட்டேன். வேலை முடிஞ்சு இவன் வரும்போது அவ தூங்கியிருப்பா. அவ எழுந்திருக்கும்போது இவன் தூங்குவான். லீவு நாள்ல ஆளுக்கொரு போன். யாரும் யாரையும் எதுவும் பண்ணல. தண்ணி ஊத்தாம விட்டா எது இருக்கும் சொல்லுங்க. உங்க பொண்ணு தங்கம், சம்பந்தி. என் பையனும் கெட்டவன் இல்ல. எனக்கு ரெண்டும் வேணும்."

அவள் இப்படி வெளிப்படையாகப் பேசிப் பேக்கரியம்மா கேட்டதில்லை. கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். போய் உட்காரவைத்துப் புத்தி சொல்லலாமா என்று யோசித்தார்கள். சொன்னால் கேட்கிற வயசா? நாலு பெரியவர்களைக் கூட்டலாமா? கூட்டினால் அந்த நாலு பேரும் சேர்ந்து முடித்தேவைத்துவிடுவார்கள். எதை எடுத்தாலும் ஓட்டையாக இருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு நாம முட்டிக்கிட்டோமே" என்றாள் பேக்கரியம்மா திடீரென்று. "அப்ப அதுங்க ரெண்டையும் பார்த்தீங்களா? எங்கேருந்தோ ஓடி வந்து, அவ உங்களை ஒரு பக்கம் இழுத்துட்டுப் போனா. அவன் என்னை இன்னொரு பக்கம். அப்புறம் ரெண்டும் ஒரு மூலையில நின்னுக்கிட்டு, நம்மளைப் பத்திப் பேசிப் பேசிச் சிரிச்சுதுங்க. போட்டோக்காரன் கூப்பிட்டும் வரல."

"பார்த்தேன். கோபமாத்தான் வந்துது."

"சேர்த்து வெக்கப் போனா பயந்து ஓடிடும். நாம அடிச்சுக்கிட்டா ஓடி வரும்."

நர்ஸம்மா அவளையே பார்த்தாள். "அடிச்சுக்கணுமா?"

"ஏன், உங்களுக்கு வராதா?"

"அதெல்லாம் நல்லாவே வரும்."

அறைக்குத் திரும்பிப் பால்கனியில் உட்கார்ந்தார்கள். ஒரு சின்ன வட்ட மேஜை, இரண்டு நாற்காலி. முதலில் நர்ஸம்மா பிள்ளைக்குப் போன் போட்டாள். பேக்கரியம்மாவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டேய், இங்க என்னால இருக்க முடியாது. உன் மாமியார் இந்த ரூம்லதான் இருக்காங்க."

"என்னது? அத்தை எப்படிம்மா அங்க?"

"எனக்கென்ன தெரியும். உன் பொண்டாட்டியைக் கேளு." நோயாளிக்குக் கொடுத்த மருந்துகளை அடுத்த ஷிப்டுக்கு ஒப்பிப்பது மாதிரி இருந்தது அவள் குரல். பேக்கரியம்மா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "ஆ!" என்று நர்ஸம்மா அலறியது நிஜம். "பார்த்தியா, கையை வேற நீட்டறாங்க! நீ உன் பொண்டாட்டிகிட்டப் பேசி இவங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. இல்லேன்னா நான் ரோட்டுல படுத்துக்கறேன்!" அவன் அம்மா, அம்மா என்று சொல்லச் சொல்ல வைத்துவிட்டாள். கிள்ளின இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "இவ்வளவு பலமாவா?" என்றாள்.

"மாவு பிசையற கை" என்று சொல்லிவிட்டுப் பேக்கரியம்மா மகளுக்குப் போட்டாள்.

அவள் நடிப்பு முதல் வரியிலேயே களைகட்டியது. உன் மாமியார் குறட்டை விடுகிறாள் என்றாள். இன்னும் ஒருவரும் தூங்கவே இல்லை. ஜன்னலைத் திறக்க விடவில்லை என்றாள். கதவு ஜன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடந்தது. "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி என் கேக்கைச் சொன்னாங்கள்ல" என்று ஆரம்பித்தபோது மட்டும் குரல் எங்கோ மாறிவிட்டது. "மூணு நாள் தூங்காம பண்ணினேன்டி. உனக்காகப் பண்ணினேன். ஒருத்தரையும் கை வைக்க விடாம நானே பண்ணினேன். ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா இவங்க என்ன குறைஞ்சா போயிருப்பாங்க?" கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "அம்மா, அழாதேம்மா, ஏம்மா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "உன் புருஷனைக் கேளு!" என்று கத்திவிட்டு வைத்தாள்.

வைத்த பிறகும் அழுகை நிற்கவில்லை. நர்ஸம்மா உள்ளே போய், மிச்சமிருந்த வாத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். பேக்கரியம்மா அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்துது, சம்பந்தி" என்றாள் நர்ஸம்மா. "எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கால் போச்சு, கண் போச்சு, அப்புறம் அவரும் போயிட்டார். இனிப்புன்னா உயிரை விடுவார். அன்னிக்கு உங்க கேக்கை வாயில வெச்சதும், இவர் இருந்திருந்தா எனக்குத் தெரியாம நாலு துண்டு தின்னிருப்பாரேன்னு அழுகை வந்துடுச்சு. கல்யாண வீட்டுல அழ முடியுமா? ஏதாவது சொல்லணும்னு சொன்னேன். வாயில வந்தது அது."

பேக்கரியம்மா துவாலைக்குள்ளிருந்து தலையை எடுத்து, "அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

"எப்படிச் சொல்றது? பேசிக்கவே இல்லையே நாம."

பேக்கரியம்மா துவாலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கிடங்குக் கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்தார்கள். மேஜை மேல் இரண்டு போன்களும் மூச்சுக் காட்டாமல் கிடந்தன. யாராவது ஒருவர் பதறிக்கொண்டு திரும்பக் கூப்பிட வேண்டுமே. கூப்பிடவில்லை. போட்டுப் பார்க்கலாமா என்றாள் பேக்கரியம்மா. ஜுரத்துக்கு மாத்திரை கொடுத்த கையோடு தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது என்றாள் நர்ஸம்மா. சொன்னாளே தவிர, அவள் கையே போன் பக்கம் இரண்டு தடவை போய் வந்தது. மாத்திரை வேலை செய்யாமலும் போகும். அதுவும் அவள் பார்த்ததுதான். இரண்டும் சலித்துக்கொண்டு, கிழங்கள் அடித்துக்கொண்டு சாகட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்திருந்தால்?

"என்னால முடியல சம்பந்தி" என்றாள் பேக்கரியம்மா.

"என்னாலயும்."

ஆளுக்கொரு போனை எடுத்து ஒரே நேரத்தில் போட்டார்கள். ஸ்பீக்கரில் வைத்து மேஜை மேல் வைத்தார்கள். மணி அடிக்கவில்லை. நர்ஸம்மாவின் போனிலிருந்து அந்தப் பதிவுக் குரல் வந்தது. "நீங்கள் அழைத்த நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்." அது முடிவதற்குள் அதே குரல் பேக்கரியம்மாவின் போனிலிருந்தும் ஆரம்பித்தது. "நீங்கள் அழைத்த நபர் வேறொருவருடன்..."

இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஆபீஸ் போனாக்கூட இருக்கலாம்" என்றாள் நர்ஸம்மா, மெதுவாக.

"சும்மா இருங்க சம்பந்தி." பேக்கரியம்மா நாற்காலியை மேஜைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னொரு தடவை போடுங்க. கேப்போம்."

போட்டார்கள். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, இரண்டு போன்களும் அதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தன.